எல்லாம் கீரை

கதை எழுதுவது எப்படி என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. என்றைக்காவது கேட்பார்கள் என்று பத்து வருஷமாக ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பதில் போன வருஷம் ஒரு கீரை விவகாரத்தில் கெட்டுப்போய்விட்டது. மிச்சம் இருப்பதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு அடுத்த தெருவில், இரண்டாவது மாடி. நான், மனைவி, எழுபத்தெட்டு வயதான என் அப்பா, மூன்று பேர். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கதை வராது, கொட்டாவிதான் வரும். நடந்தால் வரும். அதனால் காலையில் ஏரியைச் சுற்றிக்கொண்டே செல்போனிடம் கதையைச் சொல்வேன். நாம் பேசப் பேச அது எழுத்தாக்கிக் கொடுத்துவிடும். எழுதத் தொடங்குகிறவர்களுக்கு இந்த முறையை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். முதல் பிரதியில் வேண்டியது வேகம்தான், அழகெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பொது இடத்தில் வசனம் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒருநாள் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும் கட்டம். இரண்டு பேருக்கும் நானே பேசிக்கொண்டு போனேன். தினமும் எதிரே வரும் மங்கி கேப் போட்ட பெரியவர் என்னை நிறுத்தி, "சார், இதெல்லாம் போன்ல பேசினா பெருசாதான் ஆகும். வீட்டுக்குப் போய் நேர்ல பேசிடுங்க" என்றார். மறுநாள் "சமாதானம் ஆச்சா?" என்று விசாரித்தார். ஆச்சு சார் என்றேன். கதையில் இன்னும் ஆகவில்லை.

அந்தக் கதை இதுதான். தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவனுக்கு வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போலக் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புகிறான், எங்கேயோ உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "வூட்ல இன்னா கீது?" என்று கேட்கிறான். மனைவி உள்ளேயிருந்து "எல்லாம் கீது" என்கிறாள். அடுப்பில் வெறும் கஞ்சி இருக்கிற நாளிலும் எல்லாம் கீது. மூன்று மாதம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிகிறது, இரண்டாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று. அவன் சட்டையில் தோல் வாடை வரவில்லை.

இதில் என் கற்பனை என்று ஒன்றும் கிடையாது. நாங்கள் பம்மலில் குடியிருந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்த இருப்பு அது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அப்பா இன்றைக்கும் சாயங்காலம் ஏரிப் பக்கம் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது "வூட்ல இன்னா கீது?" என்று கேட்பார். "ரசம் இருக்குப்பா, பீன்ஸ் பொரியல் இருக்கு, தோசை மாவு இருக்கு" என்று நான் பட்டியல் படிப்பேன். அவர் "சரி" என்பார்.

கதையை முடித்ததும் நான் செய்த தவறு, ஒரு நல்ல அறிவுரையைக் கேட்டதுதான். எழுதியதைக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துத் திருத்து என்பார்கள். அற்புதமான அறிவுரை, சோம்பேறிகளுக்கு இதைவிட நல்லது கிடைக்காது. மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வைக்கும் முன்பு ஒரு தடவையாவது படித்துவிட்டு வை என்று அதில் யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் கதைக் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனிலிருந்தே அனுப்பி, ஐந்து பிரதி எடுத்து, சூடு ஆறாமல் கொண்டுபோனேன்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பேர். சென்டரை நடத்தும் டீச்சர், ரிட்டயர்டு வங்கி மேனேஜர், பள்ளிக்கரணையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஐ.டி. பெண், படப்பையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், நான். போர்டில் அழிக்காத அல்ஜீப்ராவுக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர்கள் அலசுவோம். அங்கே ஒரு சட்டம் உண்டு. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை கதை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆரம்பத்தில் இதை யாரும் மதிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் கதையில் பாம்பு ஏன் பேசுகிறது என்று ஒரு முழு மத்தியானம் விளக்கினார். அடுத்த மாதம் டீச்சர் ஒரு பாட்டில் கமர்கட் வாங்கி மேஜைமேல் வைத்தார். எழுதியவர் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அது கரையும்வரை பேசக் கூடாது, கடித்தால் செல்லாது. தேங்காயும் வெல்லமும் இறுகிய அந்தக் கல், நல்ல பல்லுள்ளவர்களையே இருபது நிமிஷம் ஊமையாக்கிவிடும். இந்த ஏற்பாட்டை எல்லா எழுத்தாளர் கூட்டங்களுக்கும் நான் சிபாரிசு செய்கிறேன். நம் கதை நம் உதவி இல்லாமல் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள இது ஒன்றுதான் வழி.

அன்றைக்கு நான் கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் மௌனமாகப் படிக்க ஆரம்பித்தார்கள். பொழுது போகட்டும் என்று நானும் ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், வேலை போனவன் வீட்டுக்கு வருகிறான், செருப்பைக் கழற்றுகிறான், கேட்கிறான்: "வீட்ல என்ன கீரை?"

அவள் சொல்கிறாள்: "எல்லாம் கீரை."

பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் கீரை. பதினோரு இடத்தில் அவன் வருகிறான், பதினோரு தடவை கீரை கேட்கிறான். போனுக்குக் கீது என்ற சொல் தெரியவில்லை. தெரிந்த சொல்லில் கிட்டத்தில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. 'இது தப்பு, படிக்காதீங்க' என்று கத்த நினைத்தேன். "ம்ங், ம்ங்" என்றுதான் வந்தது. டீச்சர் நிமிராமலே பாட்டிலைத் தட்டிச் சட்டத்தை ஞாபகப்படுத்தினார்.

வங்கி சார் கண்ணாடியைக் கழற்றினார். பத்து வருஷத்தில் என் கதைகளைப் பற்றி அவர் சொன்னதிலேயே பெரிய பாராட்டு, 'எழுத்துப்பிழை குறைவு' என்பது. அவர் சொன்னார், "சார், அந்த கீரை இருக்கே..." அதற்குமேல் பேச முடியாமல் நிறுத்தினார்.

"எனக்கு ரொம்ப கனெக்ட் ஆச்சு" என்றாள் ஐ.டி. பெண். "வேலை போனதைச் சொல்ல முடியல. அதனால போய் கீரையைப் பத்திக் கேக்கறான் பாருங்க. எங்க ஆபீஸ்ல லே-ஆஃப் ஆனவங்க இப்படித்தான் சார், சம்பந்தமே இல்லாம எதையாவது பேசுவாங்க."

"கஷ்டப்படற குடும்பத்துல இரும்புச்சத்துக்கு வேற வழி ஏது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவ பதில் சொல்றா பாருங்க, எல்லாம் கீரை!" வங்கி சாருக்குக் குரல் திரும்பிவிட்டது. "எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிட்டா. வேதாந்தம் சார் இது. ரெண்டே வார்த்தை."

கமர்கட் மெல்ல மெல்லக் கரைந்தது. கூடவே என் நேர்மையும் கரைந்தது. கடைசியில் டீச்சர் கேட்டார், "இப்ப நீங்க சொல்லுங்க. இந்தக் கீரை எப்படித் தோணுச்சு?" பத்து வருஷமாக நான் காத்திருந்த மாதிரியான கேள்வி. "தானா வந்துச்சு மேடம்" என்றேன். அது பொய் இல்லை. "மத்த வசனத்துல அங்கங்க மெட்ராஸ் பாஷை வருதே, இந்தக் குடும்பத்தை எங்க பிடிச்சீங்க?" என்று அடுத்த கேள்வி. "நம்ம ஆட்டோ ஸ்டாண்டுலதான். நின்னு கேட்டுக் குறிச்சுக்கிட்டேன்" என்றேன். இது முழுப் பொய்.

கூட்டத்தின் சார்பில் ஒரு தொகுப்பு போடுவதாக இருந்தது. முதல் கதை என்னுடையது என்று அங்கேயே முடிவானது. என் பெயர் அதுவரை எதிலும் அச்சானதில்லை. அடுத்த மாதத்துக்குள் திருத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். "அந்தக் கீரைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க சார்" என்றார் வங்கி சார்.

ஊற்றினேன். இரண்டாவது பிரதி எப்படி எழுதக் கூடாது என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. திருத்துவது என்றால் சேர்ப்பது என்று நினைத்துக்கொண்டேன். கீரை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாததால் தெருவில் கூடையோடு வரும் கீரைக்கார அக்காவிடம் தினம் ஒரு வகை வாங்கினேன். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி. வாங்கிய கீரையைச் சமைத்தாக வேண்டும் அல்லவா? மூன்றாம் நாள் மனைவி கட்டைத் தூக்கி என் மடியில் வைத்து, "உங்க கதைக்குத்தானே? நீங்களே ஆய்ஞ்சு குடுங்க" என்றாள். ஆய்ந்துகொண்டே யோசித்தேன். கதையில் சந்தோஷமான நாளுக்கு முருங்கைக்கீரை, துக்கத்துக்கு அகத்திக்கீரை என்று வைத்தேன். ஆறு பக்கக் கதை பதினான்கு பக்கம் ஆனது. எட்டாம் நாள் சாப்பாட்டில் கீரை மசியலைப் பார்த்த அப்பா, "இன்னாடா இது, வூடா மாட்டுக் கொட்டாயா? ஒரே பேஜாரா பூட்ச்சு" என்று தட்டைத் தள்ளினார். அவருக்குக் கீரை என்றால் ஆகாது. அது எனக்குத் தெரியும். கதை எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் கதையைத் தவிர எதுவும் ஞாபகம் இருக்காது.

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது நான் எப்போதும் கடைப்பிடிக்கும் விதி. கண் மன்னித்துவிடுவதைக் காது மன்னிக்காது. சனிக்கிழமை காலை ஹாலில் நின்று பதினான்கு பக்கத்தையும் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். அப்பா ஜன்னலோரம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் கதைகளில் அக்கறை கிடையாது என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

மூன்றாவது பக்கத்தில் பேப்பரைத் தாழ்த்தினார். "யார்ரா அவன், தெனிக்கும் வந்துகினு கீரை கேக்கறவன்?"

"கதைல வர்ற ஆளுப்பா."

"வேலை பூட்ச்சுன்ற. பசியோட வர்றான்ற. எந்த மடையன் வந்து கீரை கேப்பான்?"

நான் தொடர்ந்து படித்தேன். சட்டையில் தோல் வாடை வராததைக் கொண்டு அவள் கண்டுபிடிக்கும் இடம் வந்தது. அப்பா பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது நம்ம வூட்டுக் கதை" என்றார்.

"ஆமாம்பா."

"நா எப்படா கீரை கேட்டேன்?"

போன் செய்த வேலையைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, "வூட்ல இன்னா கீது" என்றார். திரையைப் பார்த்துப் படித்தேன்: வீட்ல என்ன கீரை. இன்னும் உரக்கச் சொன்னார். மறுபடியும் கீரை. எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னார். கீரைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் கூடியது.

போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கும் நம்ம பாஷ ஆவாது போல" என்றார்.

அந்த 'இதுக்கும்' யாரைச் சேர்த்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அப்பா உற்சாகமாக, "இன்னா சாப்புட்றீங்க? காப்பி கீது, டீ கீது" என்று கேட்டார். நண்பர்களில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். அவ்வளவுதான் நடந்தது. நான் அப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இருக்குன்னு சொல்லேன்பா, ப்ளீஸ்" என்றேன். அன்றிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குக் கீழே ஏதாவது வேலை வந்துவிடும். முப்பது வருஷமாக அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"கூட்டத்துல கேட்டிருப்பாங்களே, இந்த ஆளுங்கள எங்க புட்ச்சேன்னு. இன்னா சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். பழக்கம் இல்லாதவனும் இல்லை. "ஆட்டோ ஸ்டாண்டுல கேட்டேன்னு சொன்னேன்பா."

"ஆட்டோ ஸ்டாண்டு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கையில் இருந்த பதினான்கு பக்கத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஏரியிலிருந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பட்டியலோடு தயாராக நின்றிருந்த நான் அப்படியே நின்றேன். மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அந்தக் கேள்வி மட்டும் வீட்டிலிருந்து போய்விட்டது. அம்மா போனபோதுகூட அது போகவில்லை. "என்ன பண்ணீங்க அவரை?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவள், "நாளைலேர்ந்து கீரை வாங்காதீங்க" என்றாள்.

மூன்றாவது பிரதிக்கு ஏரியும் வேண்டியிருக்கவில்லை, போனும் வேண்டியிருக்கவில்லை. காகிதத்தை எடுத்துவைத்துப் பேனாவால் எழுதினேன். கீரைகளை எல்லாம் அடித்தேன். முருங்கையும் அகத்தியும் போயின. நான் அழகு என்று நினைத்துச் சேர்த்த எட்டுப் பக்கமும் அவற்றோடு போனது. பதினோரு இடத்திலும் கீது என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை என் கையால் எழுதியதே இல்லை. முதல் தடவை குறில் போட்டுவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் டீச்சர் கமர்கட்டை நீட்டியபோது, "மேடம், ஒரு நிமிஷம். இதை வாயில போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன். கீதுவைப் போன் கீரையாக்கியதைச் சொன்னேன். ஆட்டோ ஸ்டாண்டு பொய் என்றேன். அது என் அப்பா பேசுகிற பேச்சு, நானும் பேசி வளர்ந்த பேச்சு என்று சொன்னேன்.

"அப்ப அந்த வேதாந்தம்?" என்றார் வங்கி சார்.

"அது போன் எழுதினது சார்."

அவருக்கு மனசே இல்லை. "எதுக்கும் அதை வச்சிருங்க. கீரையில ஒரு டெப்த் இருந்தது" என்றார். மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னார். டீச்சர் என்னைப் படிக்கச் சொன்னார். முதலில் என் ஆபீஸ் குரலில் படித்தேன், 'கீது' என்று நான் சொன்னது ஏதோ மருந்தின் பெயர் மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றும் அப்பாவை நினைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தேன். இரண்டாவது 'எல்லாம் கீது' வந்தபோது ஐ.டி. பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில் கதை தொகுப்பில் இருக்கட்டும், ஆனால் முதல் கதையாக வேண்டாம், கடைசிக் கதையாகப் போடலாம் என்று முடிவானது. முதல் இடம் பேசும் பாம்புக்குப் போனது.

கதை அதோடு பத்திரமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. வடிவமைப்பு செய்த டி.டி.பி. அக்கா போன் செய்து, "சார், உங்க கதைல நிறைய மிஸ்டேக் இருந்துச்சு. எல்லாத்தையும் கரெக்ட் பண்ணிட்டேன்" என்றார். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். திரையில், வேலை போனவன் செருப்பைக் கழற்றிவிட்டு, "வீட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பதினோரு இடத்தையும் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னேன். "இப்படியே போட்டா உங்களுக்குத்தான் சார் அசிங்கம்" என்றார். இல்லைக்கா, இப்படியே போடுங்க என்றேன். எழுதுகிறவர்களுக்கு நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே யோசனை இதுதான். கடைசிப் பக்கம் அச்சாகும்வரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

ப்ரூஃப் பக்கங்களைக் கொண்டுவந்து அப்பாவின் நாற்காலியில் வைத்தேன். கதையின் தலைப்புக்குக் கீழே, 'அப்பா சொன்னது' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து மத்தியானம் முழுக்கப் படித்தார். சமையலறையிலிருந்து நான் எட்டி எட்டிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படித்து முடித்துப் பக்கங்களை அடுக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் வழக்கம்போல ஏரிக்குப் போனார்.

ஆறரை மணிக்குப் படியில் அவர் ஏறிவரும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றார். ஒரு செருப்பைக் கழற்றும் சத்தம் வந்தது. இன்னொன்றின் சத்தம் வரவில்லை.

"வூட்ல இன்னா கீது?" என்றார்.

ரசம் இருக்கு என்று சொல்ல வாய் தானாகவே போனது. நிறுத்திக்கொண்டேன்.

"எல்லாம் கீதுப்பா."



"எல்லாம்னா? கீரையும் கீதா?"

"அது மட்டும் இல்லப்பா."

"அப்ப சரி" என்று இரண்டாவது செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.